கோம்பை நாயும் வேகாத பாபினும்

0.1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் பேண்ட் போட்டிருக்கவில்லை.

தேனியிலிருந்து லோயர் கேம்புக்கு ஒரு சோலியாகப் போய்க்கொண்டிருந்தேன். உத்தமபாளையத்தில் டீ குடிக்க இறங்கி, பஸ் நகர்வதைப் பார்த்து ஓடி, படியில் காலைத் தூக்கி வைத்ததும் பின்பக்கம் ‘டர்ர்’ என்றது. பஸ் போய்விட்டது. சுவரை ஒட்டியே நண்டு மாதிரி நடந்து, முதலில் கண்ணில் பட்ட தையல் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே இரண்டு பெண்கள். மூத்தவர் என்னைத் திருப்பி நிறுத்தி ஆராய்ந்துவிட்டு, ஒரு திரைச்சீலையையும் கட்டம் போட்ட கைலியையும் காட்டினார்.

“கழட்டிக் குடுங்க சார். வெக்கப்படாதீக. இங்கன வாரவுக பாதிப்பேரு இப்பிடித்தான் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு வாராக.”

அரைமணி நேரம் என்றார். மூன்று மணிநேரம் ஆயிற்று. அடுத்தவர் கைலியில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து போக முடியாது. சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். எழுத்தாளர்கள் கதைக்காகக் காடு மேடெல்லாம் அலைந்ததாக எழுதுவார்கள். எனக்கு அது தையல் பிரிந்த இடத்தில் கிடைத்தது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். நாயை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

0.2

தொடக்கம் அமையவில்லை. மூன்று எழுதினேன்.

முதலாவது: ‘மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், முல்லையாற்றின் ஈரம் சுமந்து வந்த காற்று அந்தச் சிறிய கடையின் வாசலில் தயங்கி நின்று’

இதை மூத்தவரான சந்தனம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். “காத்து எங்க சார் வந்துச்சு? அன்னைக்கு பேனே ஓடலையே” என்றார். அத்தோடு காற்று நின்றது.

இரண்டாவது: ‘திறந்த மூல மென்பொருள் என்பது, யாரும் சும்மா எடுத்துக்கொள்ளவும், உள்ளே திறந்து பார்க்கவும், பிடிக்காததை மாற்றவும் அனுமதிக்கப்பட்ட’

இது இளையவரான எப்சிபாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. என் மனைவி ‘மென்பொருள்’ என்ற இடத்திலேயே கொட்டாவி விட்டாள்.

மூன்றாவது: ‘ம்மே.’

இது சரியாக இருந்தது. இங்கிருந்து தொடங்குகிறேன்.

0.3

ம்மே.

போன வருஷம் சின்னமனூரில் நடந்த கபடிப் போட்டியில் கோம்பை அணி ஆடுகளத்துக்குள் இறங்கியபோது எதிரணிக்காரர்கள் எழுப்பிய சத்தம் அது. கோம்பை ஊர் என்றாலே நாய்தான். செவலை நிறம், கருத்த மூஞ்சி, விட்டால் கரடியையே மறிக்கும் என்று பெயர் வாங்கிய நாய். அதைத்தான் கோம்பைப் பையன்கள் பனியன் நெஞ்சில் போட்டிருந்தார்கள். ஆனால் எங்கோ தைத்து வாங்கிய அந்த நாய் பார்க்க ஆடு மாதிரி இருந்தது. ஒருவன் கத்தினான். அப்புறம் மைதானமே கத்தியது. அணித்தலைவன் செல்லப்பாண்டி பாடிப்போகும்போதெல்லாம் ‘ம்மே, ம்மே’ என்று தாளம் போட்டார்கள். மூச்சுப் பிடித்துப் பாடுகிறவனுக்குச் சிரிப்பு வந்தாலும் போச்சு, அழுகை வந்தாலும் போச்சு. அவனுக்கு இரண்டும் வந்தது.

இந்த வருஷம் செல்லப்பாண்டி பதினான்கு பனியன்களையும் ஒரு அசல் நாயையும் கூட்டிக்கொண்டு சந்தனம்மாள்–எப்சிபா கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைக்கு வந்தான்.

“அக்கா, நல்லாப் பாத்துக்கங்க. இதான் நாயி. கழுத்துல இருந்து வால் நுனி வரைக்கும் ஒரே இழுப்பா இருக்கணும். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி. இந்தத் தடவையும் எவனாச்சும் ம்மேன்னு கத்துனான், நான் ஊரவிட்டே போயிருவேன்.”

“எங்க போவ?” என்றார் சந்தனம்மாள்.

“வடுகபட்டிக்கு. எங்க மாமா வீடு.”

“அதுக்குள்ள நாயி நல்லா வந்துரும். கவலைப்படாத.”

(செல்லப்பாண்டிக்கு இருபத்தாறு வயது, வாழைத்தோப்பு, சொந்தமாக ஒரு பைக். இதையெல்லாம் விவரித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். கதைக்கு அது தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். அவனுக்குப் பெண் தேடுகிறார்கள் என்பதால் இதை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

0.4

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்குப் படத்தைக் கொடுத்தால் போதாது. எந்த இடத்தில் ஊசி எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஒரு மென்பொருள் சொல்லிக் கொடுக்க வேண்டும். எப்சிபா பயன்படுத்துவதன் பெயர் பாபின்.* உருகுவே நாட்டில் ரமோன் என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் தன் மனைவியின் மேசைவிரிப்புக்காக எழுத ஆரம்பித்தது. இப்போது உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான பேர் இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

* தையல் மெஷினுக்கு அடியில் நூல் சுற்றி மாட்டும் சின்ன உருளைக்கும் பாபின் என்றுதான் பெயர். தையல் தெரிந்தவர்கள் இந்த அடிக்குறிப்புக்காக என்னை மன்னிக்க வேண்டும்.

அதிகாரபூர்வமாக வெளியான பாபினில் ஒரு குறை. நிரப்புத் தையலை ஒரே நேர்த்திசையில்தான் போடும். நாயின் முதுகும் வயிறும் காலும் பாய் முடைந்த மாதிரி வந்தன. போன வருஷ ஆட்டின் ரகசியம் இதுதான். ஆனால் ரமோன் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். உடம்பின் வளைவைப் பிடித்துக்கொண்டே தையல் ஓடும். அது இன்னும் வெளியிடப்படவில்லை. வேண்டுமென்கிறவர்கள் அரைகுறையாக இருப்பதை அப்படியே இறக்கி, தங்கள் கம்ப்யூட்டரிலேயே முழுசாக்கிக்கொள்ளலாம். வம்பு வந்தால் அவரவர் பொறுப்பு என்று எழுதி வைத்திருந்தார்.

“ரிலீஸ் ஆகாததை எதுக்குத்தா எறக்குற?” என்றார் சந்தனம்மாள். “வேகாத சோத்தை அள்ளித் திங்கிற மாரி.”

“பசிக்குதுல்லக்கா” என்றார் எப்சிபா.

அன்றிலிருந்து கடையில் அதன் பெயர் ‘வேகாத பாபின்’.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எப்சிபா அதை இறக்கி நிறுவினார். நாயின் முதுகு வந்த அழகைப் பார்த்து இருவரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்களாம். தோல் மேல் வெயில் பட்ட மாதிரி. ஆனால் வால் தொடங்கும் இடத்தில் ஊசி ஒரே ஓட்டைக்குள் முப்பது தடவை குத்தி, நூல் சுருண்டு, ஒரு பெரிய முடிச்சாக நின்றது.

செல்லப்பாண்டி வந்து பார்த்தான். “வாலுக்குக் கீழ இது என்னதுக்கா?” துணியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். “இதுக்கு ஆடே தேவலக்கா.”

எப்சிபா படம் எடுத்து ரமோனுக்கு அனுப்பினார். மறுநாள் மத்தியானத்துக்குள் ரமோன் திருத்தம் அனுப்பிவிட்டார்.

0.4.1 (முன்னமே சொல்லியிருக்க வேண்டியது)

ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல எழுத்தாளனாக இருந்தால் இதை இரண்டாம் பகுதியிலேயே நைசாகச் செருகியிருப்பேன்.

ஏழு வருஷத்துக்கு முன் இருவரும் கடை திறக்க முடிவு செய்தபோது நாள் குறிப்பதிலேயே தகராறு. செவ்வாய் கூடாது, அஷ்டமி கூடாது, கரிநாள் கூடவே கூடாது என்றார் சந்தனம்மாள். எப்சிபாவின் வீட்டார் போதகரை அழைத்து ஜெபம் பண்ணித்தான் திறக்க வேண்டும் என்றார்கள். ஒன்றரை மாதம் வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இருவரும் கைமேல் கையடித்துச் சத்தியம் பண்ணினார்கள்: செருப்பு, பஞ்சாங்கம், ஜெபம் மூன்றும் வாசலுக்கு வெளியே. உள்ளே தையல் மட்டும். ஒரு சாதாரணச் சனிக்கிழமை, சாதாரணமாகத் திறந்தார்கள். நன்றாகத்தான் ஓடியது.

ஆகவே கடைக்குள் தேதி கிழிக்கும் காலண்டர் கிடையாது. ஆனால் எதிரில் மருந்துக்கடை இருக்கிறது. அங்கே பெரிய எழுத்துக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. கண்ணாடிக் கதவு வழியாகச் சந்தனம்மாளின் நாற்காலிக்கு அது அப்பட்டமாகத் தெரியும்.

0.5

அந்தப் புதன்கிழமை கரிநாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் எப்சிபா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அக்கா, ரமோன் அனுப்புன திருத்தம் வந்திருச்சு. எல்லாம் அடிச்சு வச்சிட்டேன். எண்டரை மட்டும் தட்டுங்க. அதுவா எறக்கி அதுவா முடிச்சிரும். நான் கூரியர் ஆபீஸ்ல நூல் பார்சலை வாங்கிட்டு வந்துர்றேன்.”

“இப்பயேவா?”

“பின்ன எப்ப?”

“ஒண்ணுமில்ல. நீ போ.”

எப்சிபாவின் தலை மறைந்தது. சந்தனம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். செல்லப்பாண்டியின் முகம் ஞாபகம் வந்தது. ஏற்கெனவே முடிச்சு விழுந்த நாய். இதைக் கரிநாளில் தொடங்கினால் விளங்குமா? நாளைக்குத் தட்டலாம் என்றால் எப்சிபா வந்து கேட்பாள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்துக்கு வாசலுக்கு உள்ளே அனுமதி இல்லை.

திரையின் மூலையில் தேதியும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. அதை மாற்ற அவருக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு முன், திங்கட்கிழமை, நல்ல முகூர்த்த நாள். அந்த முகூர்த்தத்துக்கு மட்டும் நான்கு கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குத் திருப்பி வைத்தார். எண்டரைத் தட்டினார்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கடிகாரத்தை மாற்றத் தெரிந்தவருக்கு, மாற்றினால் நாள் மாறாது என்று தெரியாதா? இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லையே? படைத்தவனே சந்தேகப்பட்டால் கதை நிற்காது என்பதால் அவரிடமே கேட்டேன்.

“கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு என்ன நாளுன்னு அந்த மூலையில போட்டிருக்கதுதான சார் தெரியும்? அது திங்கக்கிழமைன்னு நெனச்சா அதுக்குத் திங்கக்கிழமைதான்.”

“சரி. உங்களுக்கு?”

“எனக்குப் புதன்கிழமைதான். நான் எங்க தொடங்குனேன்? அதுதான தொடங்குச்சு.”

சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.)

திரையில் எழுத்துகள் ஓடின. சீக்கிரமே நின்றன. கடைசி வரியில், செய்வதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் ஏற்கெனவே தயார் என்று ஆங்கிலத்தில் வந்தது. நேற்று அரைமணி நேரம் பிடித்த வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நல்ல நாளில் தொடங்கினால் இப்படித்தான் மளமளவென்று முடியும் என்று சந்தனம்மாள் நினைத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பழையபடி திருப்பி வைத்தார்.

0.6

என்ன நடந்தது என்பதை எப்சிபா எனக்குத் தையல்காரர் பாஷையில் விளக்கினார். எனக்கே புரிந்தது என்பதால் உங்களுக்கும் புரியும்.

பாபின் என்பது ஒரே துணி அல்ல. முந்நூறு துண்டுகளை வெட்டி ஒன்றாகத் தைத்தது. ரமோன் ஒரு துண்டை மாற்றி அனுப்பினால் கம்ப்யூட்டர் முந்நூறையும் பிரிக்காது. எந்தத் துண்டு, போன தடவை தைத்ததற்குப் பிறகு வெட்டப்பட்டதோ அதை மட்டும் புதிதாகத் தைக்கும். புதிதா பழையதா என்பதை வந்துசேர்ந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். போன தடவை தைத்தது செவ்வாய்க்கிழமை. புதிதாக வந்த துண்டின் மேலோ ‘திங்கட்கிழமை’ என்று விழுந்துவிட்டது. சரிதான், இது பழைய துண்டு என்று கம்ப்யூட்டர் அதைத் தொடவே இல்லை.

அன்றைக்கு இது யாருக்கும் தெரியாது. எப்சிபா திரும்பி வந்து ஒரு நாய் தைத்துப் பார்த்தார். அதே முடிச்சு. ‘சரியாகவில்லை’ என்று ரமோனுக்கு எழுதினார். வியாழக்கிழமை அவர் இரண்டாவது திருத்தம் அனுப்பினார். அதை எப்சிபாவே நிறுவினார். இப்போது பாதித் துண்டு புதுசு, பாதித் துண்டு பழசு. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. நாய்க்கு வால் காதுக்குப் பின்னாலிருந்து முளைத்தது.

செல்லப்பாண்டி அந்தப் பனியனை நாயிடம் காட்டினான். அது ஒருதரம் முகர்ந்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

“மாமாவுக்குப் போன் பண்ணிரவாக்கா?” என்றான் கடைசியில்.

வெள்ளிக்கிழமை ரமோனிடமிருந்து கடிதம் வந்தது. எப்சிபா அதைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை புதிய பாபின் வெளியாகிறது. வளைவுத் தையலை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடப் போகிறார். அவர் கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது, தேனிப் பக்கத்து அம்மாவிடம் மட்டும் உடைகிறது. பிழை எங்கே என்று நான்கு நாளாகத் தேடியும் கிடைக்கவில்லை. எழுபத்தொரு வயதாகிறது. முன்பெல்லாம் கண்ணில் படும், இப்போது படுவதில்லை. இனி இந்த வேலையை யாராவது இளையவர்கள் எடுத்துக்கொண்டால் நல்லது.

சந்தனம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அந்தப் பெரியவரு கண்ணு என்னத்தா பண்ணுச்சு?”

“அதான்க்கா தெரியல. அவரு எழுதுனதுல தப்பே இல்ல. வரி வரியாப் பாத்துட்டேன்.”

அப்புறம் எப்சிபா துண்டுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்று பார்க்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம் கழித்து அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

“அக்கா, இங்கன பாருங்க. அவரு புதன்கிழமை எழுதுனது நம்மகிட்டத் திங்கக்கிழமையே எப்பிடி வந்துச்சு?”

சந்தனம்மாளின் வாயில் அப்போது நான்கு குண்டூசிகள் இருந்தன. பேச முடியாமல் போனதற்கு அவரே எனக்குச் சொன்ன காரணம் அதுதான். பிளவுஸுக்கு ஊசி குத்தி முடித்த பிறகும் அவர் அவற்றை வாயிலிருந்து எடுக்கவில்லை.

“உள்ள இருக்க பேட்டரி போயிருக்கும்” என்றார் எப்சிபா, திரையைப் பார்த்தபடியே. “அதான் கடிகாரம் தப்பாக் காட்டியிருக்கு. நான்தான் பாத்திருக்கணும்.”

பிறகு ரமோனுக்கும், பாபின் பயன்படுத்துகிற அத்தனை பேருக்கும் போய்ச்சேரும் குழுவுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தவறு முழுக்க என்னுடையது. என் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நான் கவனிக்கவில்லை. உங்கள் நான்கு நாட்களை வீணாக்கிவிட்டேன். உங்கள் கண்களுக்கு ஒன்றுமில்லை.

நூற்றுக்கணக்கான பேர் பார்க்க, எப்சிபா தன் பெயரைப் போட்டு அதை அனுப்பினார். பக்கத்தில் சந்தனம்மாள் குண்டூசிகளோடு உட்கார்ந்திருந்தார்.

முந்நூறு துண்டுகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தைக்க வைத்தார்கள். அரைமணி நேரம். அதற்குப் பிறகு மெஷினில் வந்தது நாய். கழுத்திலிருந்து வால் நுனி வரை ஒரே இழுப்பு. செல்லப்பாண்டி அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எங்கூரு” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வளைவுத் தையலோடு புதிய பாபின் வெளியானது. அதற்கடுத்த ஞாயிறு நடந்த போட்டியில் கோம்பை தோற்றது. ஆனால் ஒருத்தனும் ம்மே என்று கத்தவில்லை.

0.7

இங்கேயே முடித்திருக்கலாம். அந்த முதல் நாள், இருவரும் மாறி மாறிச் சொன்னது இதுவரைக்கும்தான், பேட்டரிதான் காரணம் என்று. கடிகாரத்தைச் சந்தனம்மாள் திருப்பியது அதில் கிடையாது. எனக்குத் தெரிந்ததை நான்தான் உரிய இடத்தில் சேர்த்து உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எப்படித் தெரிந்தது என்றால், எப்சிபா எனக்கு டீ வாங்கப் போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் சந்தனம்மாள் மெஷினை நிறுத்தினார்.

“பேட்டரி இல்ல சார். நான்தான்.”

முழுசையும் சொன்னார். எப்சிபா மட்டும் தன்னைத் திட்டியிருந்தால் சொல்லியிருப்பாராம். பழியை அவளே எடுத்துக்கொண்டதும் வாய் அடைத்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்வது கஷ்டமாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டம்.

“தெரிஞ்சா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா சார். ஆனா அப்புறம் எண்டரைத் தட்டுங்கக்கான்னு என்னைய நம்பிட்டுப் போக மாட்டா. ஏழு வருசமா அப்பிடித்தான் போறா.”

“இதை ஏன் என்கிட்டச் சொல்றீங்க?”

“பேண்ட் இல்லாத மனுசன்கிட்ட என்ன சார் ரகசியம்” என்றவர், “எழுதிராதீக” என்றார்.

எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். கைலியில் பண்ணிய சத்தியம் செல்லுமா என்று தெரியவில்லை.

0.8

இரண்டாவது தடவை போனபோது (இந்தத் தடவை சட்டைப் பொத்தான், நானே பிய்த்தது; கூடவே அளவு குறைக்க இரண்டு பேண்ட்டும்) சந்தனம்மாள் சாப்பிடப் போயிருந்தார். எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அக்கா உங்ககிட்டச் சொன்னாகளா சார்?” என்றார்.

எதை என்று கேட்டேன். நான் நல்ல நடிகன் அல்ல.

“கடிகாரம். எனக்கு அன்னைக்கே தெரியும். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எழுதி வைக்கும் சார். புதன்கிழமை பன்னெண்டு பத்துக்குக் கடிகாரம் பின்னாடி போயிருக்கு. பன்னெண்டு பதினாறுக்குச் சரியாத் திரும்பி வந்திருக்கு. பேட்டரிக்கு அம்புட்டு ஒழுங்கு கிடையாது.”

“அப்புறம் ஏன் நீங்க கேக்கல?”

அவர் மெஷினின் தலைப்பக்கத்தை ஒரு துணியால் துடைத்தார். துடைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

“நான் கேட்டா அக்காவும் கேப்பாகள்ல. புதன்கிழமை காலையில அக்கா வாரதுக்கு முன்னாடி, இந்த மெஷின் தலையில ரெண்டு சொட்டு ஜெப எண்ணெய் வச்சு ஜெபம் பண்ணுனேன் சார். நாய் வரணுமேன்னு. ஒப்பந்தத்தை முதல்ல மீறுனது நான்தான்.” துணியை மடித்து வைத்துவிட்டு, “அதோட, அன்னையிலருந்து தெனமும் அக்கா வீட்டுல இருந்து எனக்குன்னு கருவாட்டுக் குழம்பு கொண்டுவாராக. அதை ஏன் சார் நான் கெடுக்கணும்?” என்றார். “எழுதிராதீக.”

இரண்டாவது சத்தியத்தைப் பேண்ட் போட்டிருக்கும்போதே பண்ணினேன்.

ஆக, நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது வெளியிட முடியாத கதை. இருவரும் கதை வாசிக்கிறவர்கள் இல்லை என்ற ஒரே தைரியத்தில், வேகாததை வேகாதபடியே உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன். வம்பு வந்தால் ரமோன் சொன்ன அதே நிபந்தனை.

0.9

முடிவுகள்.

(அ) சந்தனம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதை எழுதினேன். இரண்டாவது வரியில் நானும் அழுதுவிட்டேன். எழுதுகிறவனே அழுத முடிவை நம்பக்கூடாது.

(ஆ) இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து ஒரே நேரத்தில் “நான்தான்” என்கிறார்கள். நிஜத்தில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. என் வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் “நீதான்” என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

(இ) எழுத்தாளர் நடுவில் புகுந்து இருவரிடமும் உண்மையைச் சொல்லிச் சேர்த்துவைக்கிறார். எழுத்தாளரின் இரண்டு பேண்ட்டுகள் இன்னும் அந்தக் கடையில் இருக்கின்றன. எழுத்தாளர் புகமாட்டார்.

(ஈ) ஒன்றுமே நடக்கவில்லை. குழம்பு வந்துகொண்டே இருக்கிறது

இதுவும் மோசமில்லை என்று நினைத்து இதையே வைத்துக்கொள்ள இருந்தேன். பேண்ட் வாங்கப் போன மூன்றாவது தடவை அது கெட்டது.

0.9.1

புதிய பாபினில் ரமோன் ஒரு காவல் வைத்திருந்தார். எப்சிபாவின் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்தது. நிறுவும்போது கடிகாரம் பின்னால் போயிருப்பது தெரிந்தால் திரையில் ஒரு செய்தி வரும். முந்நூறு துண்டுகளும் முதலிலிருந்து தைக்கப்படும். அந்தச் செய்தியை அந்தந்த மொழிக்காரர்கள் தங்கள் மொழியில் எழுதிக் கொடுத்தார்கள். தமிழுக்கு எப்சிபா.

சந்தனம்மாள் பின்கட்டில் என் பேண்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எப்சிபா எனக்கு இரண்டையும் திரையில் காட்டினார். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம். கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாகத் தைக்கிறேன்.

தமிழில் மூன்று இருந்தது.

‘கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. பரவாயில்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தைக்கிறேன்.’

“நடுவுல ஒண்ணு கூட இருக்கே” என்றேன்.

“தமிழ்ல அப்பிடிப் போட்டாத்தான் சார் நல்லாருக்கு” என்றார், என்னைப் பார்க்காமல்.

“இதை அவங்க பாத்தாங்களா?”

“எப்பிடிப் பாப்பாக? கடிகாரத்தைப் பின்னாடி வச்சாத்தான வரும்.”

பின்கட்டிலிருந்து சந்தனம்மாள் பேண்ட்டோடு வந்தார். எப்சிபா திரையை மாற்றிவிட்டு, சாதாரணமாக, “அக்கா, வைகாசி பதினாறு நான் போடிக்குப் போகணும். எங்க வீட்டுக்காரரோட தம்பிக்கு நிச்சயம். அன்னைக்குப் பாபின் புதுசு ஒண்ணு எறக்கணும். அடிச்சு வச்சிட்டுப் போறேன், நீங்க தட்டிருங்க” என்றார்.

“சரித்தா” என்றார் சந்தனம்மாள். அவர் கண் ஒருதரம் தெருவைத் தாண்டிப் போய்விட்டு வந்தது.

வெளியே வந்து மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் காலண்டரைப் பார்த்தேன். வைகாசி பதினாறு கரிநாள். திரும்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் காலண்டர் சந்தனம்மாளின் நாற்காலிக்கு மட்டுமல்ல, எப்சிபாவின் நாற்காலிக்கும் நன்றாகத் தெரியும்.

0.9.2

இதற்கு மேல் நான் எழுதவில்லை.

பிரச்சினை இதுதான். சந்தனம்மாள் மனசு உறுத்தி, இந்தத் தடவையாவது வாக்கைக் காப்பாற்றுவோம் என்று கரிநாளிலேயே எண்டரைத் தட்டிவிட்டால், அந்த ஒரு வார்த்தை அவர் கண்ணில் படவே படாது. மறுபடியும் திருட்டுத்தனமாகக் கடிகாரத்தைத் திருப்பினால் படும். எதற்காக நான் வேண்டிக்கொள்வது? அவர் திருந்த வேண்டும் என்றா, திருந்தக் கூடாது என்றா? மூன்று பேண்ட், ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு அவரை எனக்குத் தெரியும். இருந்தும் அவர் விரல் எந்தப் பக்கம் போகும் என்று என்னால் எழுத முடியவில்லை.

நீங்கள் இதை வாசிக்கும்போது வைகாசி பதினாறு போயிருக்கலாம். பரவாயில்லை, வருஷத்தில் கரிநாள் முப்பதுக்கு மேல் இருக்கிறது, எப்சிபாவுக்குச் சொந்தக்காரர்களும் நிறைய. உத்தமபாளையத்தில் தேடினால் கடை கிடைக்காது, ஊரை நகர்த்தியிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. பள்ளத்தாக்கில் எதிரே மருந்துக்கடை உள்ள எம்பிராய்டரி கடையாகப் பாருங்கள். உள்ளே போக வேண்டாம். பன்னிரண்டு மணி வாக்கில் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவின் முகம் கண்ணாடி வழியே தெரியும். திரை தெரியாது. அது தேவையும் இல்லை.

முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை என்னிடம் சொல்ல வேண்டாம். நான் கேட்டால் எழுதிவிடுவேன்.